இறக்கைக்கு அடியில் கட்டிய கூடு

பெயர் பிரதீபா. வயது 36. கணவர் பெயர் ஜெபகுமார். குடியிருப்பு கூடுவாஞ்சேரி, ரயில் நிலையத்துக்கு மேற்கே உள்ள அடுக்குமாடி வீடு. தொழில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். கடலோரக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் ஹரிப்ரியா அவர்கள் கேட்க, எழுத்தர் ரமேஷ் எழுத, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வது பின்வருமாறு.

நான் செங்கல்பட்டுக்குக் கிழக்கே உள்ள ஒரு தனியார் பறக்கும் திடலில் வேலை செய்கிறேன். அங்கே இருப்பது ஒரே ஒரு விமானம். இரண்டு பேர் உட்காரலாம், ஒற்றை இன்ஜின், இறக்கை தலைக்கு மேலே இருக்கும். அதை ஓட்டுபவர் கேப்டன் ரவிச்சந்திரன். அதைக் கழற்றி, சரிபார்த்து, மறுபடி பூட்டி, பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுபவள் நான். என்னோடு வேலை செய்யும் மெக்கானிக் கோவளத்தைச் சேர்ந்த மொய்னுதீன், வயது 48. அவரை நான் அண்ணன் என்றும் அவர் என்னை மேடம் என்றும் கூப்பிடுவது வழக்கம்.

மேற்படி விமானம் சென்ற திங்கட்கிழமை காலை இன்ஜின் நின்று கோவளம் கடற்கரையில் இறங்கியது தொடர்பாக மொய்னுதீன் அண்ணனை இந்த நிலையத்தில் தினமும் வரவழைத்து விசாரித்து வருவதாக அறிகிறேன். அன்று அவர் விடுப்பில் இருந்ததும், விமானம் அவர் ஊரிலேயே வந்து இறங்கியதும், இறங்கியவுடன் அவர் எங்களைப் பார்க்காமல் நேராக இறக்கைக்கு அடியில் ஓடிக் கை வைத்ததும் சதி என்று சந்தேகப்பட இடம் கொடுப்பதாக உதவி ஆய்வாளர் என்னிடம் தெரிவித்தார். தவறு என்னுடையது என்று மட்டும் அண்ணன் சொல்லிவிட்டு, ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு வாயைத் திறக்க மறுக்கிறார் என்றும் தெரிவித்தார். அவர் ஏன் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அது என் சொந்த விஷயம். என் மாமியாரிடம்கூட நான் வாய்விட்டுப் பேசாத ஒன்றை காவல் நிலையத்தில் எழுதித் தர வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் நான் பேசாவிட்டால் அவர் உள்ளே போய்விடுவார் என்பதால் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. எதிர்ப்பக்கம் காற்றுப் போக இன்னொரு ஓட்டை போட வேண்டும். அந்த இன்னொரு ஓட்டைதான் இந்தக் குழாய். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று இதன் வழியாகத்தான் டேங்குக்குள் போகும். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே ஒன்றும் ஆகாது. தரையில் ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் நன்றாகவே ஓடும். மேலே போய் பெட்ரோல் செலவாகச் செலவாகத்தான் டேங்க் உள்ளுக்குள் இறுகி, இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். தரையில் ஏன் தெரியவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு இதுவே என் பதில்.

வருடாந்திரப் பராமரிப்புக்காக விமானத்தைப் பிரித்தபோது அந்தக் குழாயில் காற்றடித்துச் சுத்தம் செய்தது நான். அதன் வாயில் எப்போதும் சிவப்பு நாடா தொங்கும் ஒரு மூடி இருக்கும், பறக்கும் முன் கழற்றவும் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கழற்றியதும் நான், திருப்பி மாட்டாமல் கருவிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனதும் நான். அதன் பிறகு, இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ என்ற பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்ததால் விமானம் சில வாரங்கள் கொட்டகையிலேயே நின்றது. மறுபடி நான் பார்த்தபோது சிவப்பு மூடி அதன் இடத்தில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அண்ணன் மாட்டியிருப்பார் என்று நினைத்தேன். மூடி இருந்தால் உள்ளே எதுவும் போயிருக்காது என்றும் நினைத்தேன். இரண்டில் முதலாவது சரி.

பாகம் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. அண்ணன் அப்போது மகள் ஆயத்தின் நிச்சயதார்த்த வேலையாக விடுப்பில் இருந்தார். நானே பாகத்தைப் பூட்டி, இன்ஜினை ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன். எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்டவர் முதல் பறப்பில் விமானியின் பக்கத்தில் உட்கார வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, கேப்டன் வைத்த வழக்கம். அதன்படி நான் பல முறை ஏறியிருக்கிறேன். ஆனால் ஏறும்போதெல்லாம் எண்ணெய் அழுத்தம், சூடு, சுற்று இந்த முள்களைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பேன். இத்தனை வருடத்தில் ஜன்னலுக்கு வெளியே நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. நகை செய்பவள் கழுத்தைப் பார்க்காமல் கொக்கியையே பார்ப்பது மாதிரி என்று கேப்டன் கிண்டல் செய்வார்.

திங்கட்கிழமை காலை கேப்டன் விமானத்தைச் சுற்றிவந்து சோதித்தார். சிவப்பு மூடியைக் கழற்றி, குழாயின் வாயில் சுண்டுவிரலை விட்டும் பார்த்தார். அடைப்பு விரல் எட்டாத ஆழத்தில் இருந்தது. அதனால் அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் பிறகு நாங்கள் கிளம்பி, கிழக்கே போய், கல்பாக்கம் பக்கம் போகக்கூடாத எல்லை இருப்பதால் வழக்கம்போல மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலைத் தொட்டு, கரையை ஒட்டியே வடக்கு நோக்கித் திரும்பினோம். இன்ஜின் தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஓடியது. நான் முள்களைப் பார்த்தபடி மனதுக்குள் என்னை நானே பாராட்டிக்கொண்டிருந்தேன்.

கோவளத்துக்குச் சற்றுத் தெற்கே வரும்போது இன்ஜின் ஒருமுறை இருமியது. பிறகு இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது. கேப்டன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து, ரேடியோவில் தகவலும் சொன்னார். இன்ஜின் திரும்பவில்லை. நான் முள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கேப்டன் என் முழங்கையைத் தட்டிச் சொன்னது இது.

"முள்ளை விடும்மா. அது முடிஞ்சுபோன விஷயம். வெளிய பாரு, மணல்ல யார் யார் இருக்காங்கன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வா."

அதனால் நான் வெளியே பார்த்தேன். இதை விவரமாகச் சொல்லத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை என்று நான் சொன்னேன். இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விழவில்லை. முன்னால் விசிறி காற்றுக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, இறக்கையைக் காற்று தடவிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பக்கம் கடல் முழுக்க வெயில். இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பும், கழிமுகமும், ஈ.சி.ஆர். சாலையில் போன ஒரு பச்சைப் பேருந்தும். கோவளத்தின் கோயிலும் தேவாலயமும் தர்காவும் ஒரே பார்வையில் அடங்கின. நான் ஆணி ஆணியாகத் தொட்டுப் பார்த்த இறக்கை, வெறும் காற்றின் மேல் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டிருந்தது. அது தாங்கும் என்று நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நம்பினேன். பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது, அதற்கு இந்த நிலையத்தில் எழுதுகிற மாதிரி எனக்கு வார்த்தை தெரியவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கா நான் இத்தனை நாள் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது.

ஈர மணலில் படகுகள், வலைகள், மீன் காய வைக்கும் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று நான் கேப்டனிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்தவர்கள் நகர ஆரம்பித்தார்கள். ஓடி ஒளியவில்லை. வலைகளைச் சுருட்டி ஒதுக்கினார்கள், ஒரு படகைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள், அலையோரத்தில் விளையாடிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு முன்னால் மணல் நீளமாகத் திறந்துகொண்டே வந்தது. நாங்கள் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பிறகு இதைப் பற்றிப் படகுக்காரர் ஹுசைனிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சத்தமே இல்லாம வருதுன்னா இன்ஜின் பூட்ச்சின்னு தெரியாதா? போட்டா இருந்தா இன்னா, ப்ளேனா இருந்தா இன்னா, கரைக்கு வந்துகினு கீறவனுக்கு வழி வுட வேணாமா?"

கேப்டன் அலையை ஒட்டிய கெட்டி மணலில் விமானத்தை இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. ஓடி நிற்கும் இடத்தில் முன்சக்கரம் மட்டும் கொஞ்சம் புதைந்தது. யாருக்கும் காயம் இல்லை. கேப்டன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுருக்கமாக ஸ்தோத்திரம் மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

அதிகாரிகள் வருவதற்கு முன் விமானத்தை ஏன் நகர்த்தினீர்கள் என்ற கேள்விக்கு என் பதில். அலை ஏறிக்கொண்டிருந்தது, அப்படியே விட்டிருந்தால் இன்றைக்கு விசாரிக்க விமானமே இருந்திருக்காது. படகை மேடேற்றுவதுபோல ஏற்றிவிடலாம் என்று ஊர்க்காரர்கள் கயிற்றோடு வந்தார்கள். ஒருவர் விசிறியில் கயிற்றைக் கட்டப்போனார். அவரை நான் திட்டியது உண்மை, பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். சக்கரத் தண்டுகளில் கட்டச் சொல்லி, இறக்கையின் அடியில் எங்கே கை கொடுக்கலாம் என்று காட்டினேன். ஆண்களும் பெண்களுமாக இழுத்தார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு அம்மா இறக்கையை உள்ளங்கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்மாந்தான் கனமா, இதுலயாம்மா வானத்துல போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன்.

அந்த நேரத்தில்தான் மொய்னுதீன் அண்ணன் ஓடிவந்தார். லுங்கியோடு, நாஸ்தா சாப்பிட்ட கையோடு வந்தார். சாட்சிகள் சொன்னது சரிதான். அவர் என்னைப் பார்க்கவில்லை, கேப்டனைப் பார்க்கவில்லை, நேராக இடது இறக்கைக்குக் கீழே போய் அந்தக் குழாயைத் தொட்டார். தொட்டவர் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது ஒரு சந்தேகத்தின் பேரில் இறக்கையின் மேல் ஏறி டேங்க் மூடியைத் திருகினேன். மூடி லேசில் வரவில்லை. வந்தபோது, தண்ணீருக்கடியிலிருந்து எழுந்தவர் இழுப்பதுபோல விமானம் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காற்று இல்லாமல் தவித்தது இன்ஜின் அல்ல, டேங்க் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கீழே இறங்கிவந்து அண்ணனிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமல் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"கொளவி உள்ள கூடு கட்டிகினு இருந்துச்சி தங்கச்சி. மண்ண எட்த்துகினு போவுது, வருது. கலைக்க மனசு வர்ல. நீ வேல செய்ற எடத்துல கட்டுதேன்னு வுட்டுட்டேன்."

என்னை அவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

இதை இங்கே விளக்க வேண்டியதில்லை. உதவி ஆய்வாளருக்கும் தெரியும், எழுத்தருக்கும் தெரியும், இந்தப் பக்கத்து வீடுகளில் எந்த மதமானாலும் தெரியும். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள், அதனால் யாரும் கலைக்க மாட்டார்கள். எனக்குத் திருமணமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை. என்னிடம் அதைப் பற்றிக் கேட்காதவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், ரயிலில் கேட்பார்கள், என் நாத்தனார் பிரிசில்லாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு விடுப்பு எடுத்த நாள்களில் எனக்குப் பதிலாக வேலை செய்தவர் மொய்னுதீன் அண்ணன். ஸ்கேன் எடுத்த உறையோடு நான் கொட்டகைக்குள் நுழைந்த நாளில் அதைப் பார்த்தவரும் அவர்தான். பார்த்துவிட்டு, வெயில் அதிகம், உக்காருங்க மேடம் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்குத் தெரிந்த மனிதர்களில் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

அதன் பிறகு அவர் மனைவி ஃபக்ருன்னிசா தண்ணீர்ச் சொம்போடு வந்தார். கூட்டைப் பற்றி அண்ணன் வீட்டில் சொன்னபோது, கலைக்காதீங்க, அந்தப் பொண்ணுக்காக நான் அல்லாகிட்ட துஆ கேட்கிறேன் என்று தானே சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். பாகம் வர நாளாகும், அதற்குள் குஞ்சு பறந்துவிடும், பறந்ததும் குழாயை நன்றாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று அண்ணன் கணக்குப் போட்டிருக்கிறார். கூடு கட்டி முடிந்த பிறகு யாரும் தெரியாமல் தண்ணீர் அடித்துவிடக் கூடாதே என்றுதான் சிவப்பு மூடியை மாட்டியிருக்கிறார், குஞ்சு பறக்கும் முன் தானே வந்து கழற்றிவிடலாம் என்று இருந்திருக்கிறார். பாகம் முன்பே வந்ததும், நான் பூட்டியதும் அவருக்குத் தெரியாது. நான் அவருக்குப் போன் செய்திருக்கலாம். வீட்டு விசேஷத்தில் இருப்பவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று செய்யவில்லை. அவரும் என்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் மனம் நோவேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மதித்த மதிப்பில் விமானம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது.

மேற்படி காரணத்தை அவர் உங்களிடம் சொல்லாதது, என் விஷயத்தை அந்நியர் முன்னால் பேசக் கூடாது என்பதற்காகத்தான். அவர் செய்தது தவறு. தெரிந்த வேலைக்காரர் செய்யக் கூடாத தவறு. அதற்கு எங்கள் துறையில் விசாரணை நடக்கிறது, என் உரிமத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதை நான் அங்கே பார்த்துக்கொள்வேன். ஆனால் இதில் சதி இல்லை. என்னைக் கொல்ல நினைத்த கை அல்ல அது. இன்றைய தேதியில் நான் கர்ப்பமாக இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் வெளியே போனதும் யாரும் அதைக் கேட்க வேண்டாம்.

இதற்குப் பிறகு நடந்ததையும் பதிவு செய்யுமாறு உதவி ஆய்வாளர் சொன்னதால் சொல்கிறேன். விசாரணை அதிகாரிகள் குழாயைக் கழற்றி என் முன்னிலையில் பிளந்து, அதிலிருந்த மண்ணில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியைச் சாட்சிப் பொருளாக இந்த நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்கள். அது வாயில் துணி கட்டிய கண்ணாடிப் பாட்டிலில் மேசை மேல் இருந்தது. இதுதான் அந்தக் கூடா என்று உதவி ஆய்வாளர் கேட்க, நான் ஆமாம் என்று சொல்லப்போனபோது எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மண் உதிர்ந்துகொண்டிருந்தது. முதலில் எலுமிச்சை விதை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. பிறகு அது பெரிதாகி, உள்ளிருந்து ஒரு தலை வந்தது. அதன் பிறகு கால்கள். கடைசியில் நூல் போன்ற இடுப்போடு ஒரு குளவி முழுசாக வெளியே வந்து, ஈரமான இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துக்கொண்டு நின்றது. பெட்ரோல் ஆவியிலும், ஆகாயத்திலும், கடற்கரை மணலிலும், அறுக்கும் ரம்பத்திலும் சாகாமல் அது உள்ளேயே வளர்ந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் மேசையைச் சுற்றி எழுந்து நின்றோம். எங்களில் யாரும் உட்கார நினைக்கவில்லை.

உதவி ஆய்வாளர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மொய்னுதீன் அண்ணனை உள்ளே கூப்பிடச் சொன்னார். அவர் வாசலிலேயே நின்று பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பொறந்துட்ச்சி தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. எதை முதலில் எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். எதையும் எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டார். அதன் பிறகு உதவி ஆய்வாளரே ஜன்னலைத் திறந்து, துணியை அவிழ்க்கச் சொல்ல, நான் அவிழ்த்தேன். குளவி பாட்டிலின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. யாரும் சொல்லித்தராமல், யாரும் கையெழுத்துப் போடாமல், ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல் அது நேராகப் பறந்து கடல் பக்கம் போனது. மண்ணும் பாட்டிலும் மட்டும் சாட்சிப் பொருளாக மேசை மேல் இருக்கின்றன.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். குளவி பறந்தது உட்பட எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான், கூட்டியும் குறைத்தும் எதுவும் சொல்லவில்லை என்று உறுதி கூறி, விமானத்துக்குப் போடும் அதே கையெழுத்தை இதற்கும் போடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. பிரதீபா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. மொய்னுதீன் இன்று மாலையே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

(ஒப்பம்) ஹரிப்ரியா, உதவி ஆய்வாளர்